விளக்கம் போதாது

ஜூன் பதினோராம் திகதி பரீட்சை முடிவு வந்தபோது விமலாதேவி ஒஸ்லோவின் புறநகரான வெஸ்ட்லியில் பத்துமாடிக் கட்டடம் ஒன்றின் கூரையில் நின்றிருந்தார். காற்றோட்ட இயந்திரத்தின் தூசு வடிகட்டிகளை மாற்றும் நாள் அது. கையுறையைக் கழற்றிக் கைபேசியைப் பார்த்தார். 'கட்டடங்களில் எரிசக்தி' என்ற பாடத்துக்கு நேரே டி என்று ஓர் எழுத்து இருந்தது. மறுபடி கையுறையைப் போட்டுக்கொண்டு மிச்சமிருந்த நான்கு வடிகட்டிகளையும் மாற்றி முடித்தார். பிறகுதான் கீழே இறங்கி, நிலவறையில் இருந்த தன் சிறிய அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார்.

டி என்றால் சித்தி, அதாவது தேர்ச்சி; எஃப்தான் தோல்வி. அவருக்கு வேண்டியிருந்தது சி.

விமலாதேவிக்கு நாற்பத்தைந்து வயது. மட்டக்களப்பிலிருந்து திருமணமாகி ஒஸ்லோவுக்கு வந்து இருபத்தொரு வருடங்கள். கணவர் பூபாலசிங்கம் மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்தார். ஒரே மகள் தக்சிலா பேர்கன் நகரில் படித்துக்கொண்டிருந்தாள். விமலாதேவி முதலில் இதே குடியிருப்பில் படிக்கட்டு கழுவும் வேலையில்தான் சேர்ந்தார். ஒரு தை மாதம் கட்டடக் காப்பாளர் நோயில் விழுந்தார். அந்த வாரமே நிலவறையில் வெந்நீர்க் குழாய் ஒன்று வெடித்தது. எந்த வால்வைப் பூட்டினால் எந்த மாடிக்குத் தண்ணீர் நிற்கும் என்று தெரிந்த ஒரே ஆள் படி கழுவுகிற பெண்தான் என்பது அன்றைக்குக் குடியிருப்புச் சங்கத்துக்குத் தெரியவந்தது. சங்கம் அவரைப் பயிற்சிக்கு அனுப்பியது. தொழிற்சான்றிதழ் எடுத்து அவரே காப்பாளரானார். நோர்வேஜியர் வக்த்மெஸ்தர் என்று சொல்லும் அந்த வேலையில் இன்னொரு தமிழ்ப் பெண் இருப்பதாக அவர் கேள்விப்பட்டதில்லை.

படிக்கவேண்டும் என்ற எண்ணம் பொறியியலாளர்களால் வந்தது. ஆறு வருடங்களுக்கு முன் குடியிருப்பின் காற்றோட்டத்தை மாற்றியமைக்க ஓர் ஆலோசனை நிறுவனத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த இயந்திரம் இந்தக் கட்டடத்துக்குப் பெரிது என்று விமலாதேவி சொன்னார். தன் கணக்கை ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். இளைஞர் ஒருவர் மரியாதையாக நன்றி சொல்லித் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இயந்திரம் அளவுக்கு மீறிக் காற்றை இழுத்ததில் இரண்டு குளிர்காலம் குடியிருப்பாளர்கள் கதவிடுக்கால் வரும் குளிரைப் பற்றி முறைப்பாடு எழுதினார்கள். மூன்றாம் வருடம் இயந்திரத்தை மாற்றினார்கள். யாரும் விமலாதேவியிடம் எதுவும் சொல்லவில்லை. பொறியியலாளர் ஒருவரின் கையெழுத்து இருந்தால்தான் அந்தக் கணக்கு கணக்காகும் என்று அவர் புரிந்துகொண்டார். அடுத்த ஆவணியில் தொழிற்கல்லூரியில் சேர்ந்தார். வாரத்தில் இரண்டு மாலை வகுப்பு, மூன்று வருடம், வேலையோடு சேர்த்து.

அவர் சேர்ந்த வருடம்தான் அந்தக் கல்லூரிக்கு அரசாங்கத்தின் சிறப்புத் திட்டம் ஒன்று கிடைத்தது. தொழிற்கல்லூரியில் சேர்பவர்களில் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். முடித்தவர்களும் பல்கலைக்கழகம் போனால் முதலாம் வருடத்திலிருந்து தொடங்கவேண்டியிருக்கிறது. இந்த இரண்டையும் மாற்றிப் பார்ப்பதற்காக மூன்று வருடத்துக்குப் பணம் ஒதுக்கினார்கள். பல்கலைக்கழகம் ஒன்றோடு ஒப்பந்தமும் செய்யப்பட்டது. முக்கியமான நான்கு பாடங்களில் சி அல்லது அதற்கு மேல் எடுத்தவர்கள் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் வருடத்தில் நேரே சேரலாம். திட்டத்தில் இருபத்துநான்கு மாணவர்கள் இருந்தார்கள். அவர்களைக் கவனித்துக்கொள்ள நியமிக்கப்பட்ட ஆலோசகரின் பெயர் ஹம்சத்வனி.

ஹம்சத்வனிக்கு இருபத்தொன்பது வயது. ஒஸ்லோவில் பிறந்தவள். பெற்றோர் திருகோணமலையைச் சேர்ந்தவர்கள். முதல் நாள் பட்டியலில் விமலாதேவியின் பெயரைப் பார்த்து, சந்திப்புக்கு வந்தவரிடம் தயங்கித் தயங்கித் தமிழில் பேசினாள்.

"அன்ரி, நாங்கள் தமிழிலை கதைக்கலாமோ?"

"கதைக்கலாம். ஆனா அன்ரி எண்டு சொல்லாதேங்கோ பிள்ளை. நான் இஞ்சை மாணவி. அக்கா எண்டு சொல்லுங்கோ, காணும்."

மூன்று வருடத்தில் ஒன்பது பேர் சோர்ந்து போகிற நேரம் பார்த்து ஹம்சத்வனி வீடு தேடிப் போயிருக்கிறாள். அவர்களில் மூன்று பேரைத் திரும்பக் கொண்டுவந்தாள். விமலாதேவியின் பக்கம் அவள் போக வேண்டியிருக்கவில்லை. அவர் ஒரு வகுப்புக்கும் வராமல் இருந்ததில்லை.

முடிவு வந்த மறுநாள் விமலாதேவி அவளுடைய அறைக்கு வந்தார். மற்ற மூன்று பாடத்திலும் சி அல்லது பி. இது ஒன்றில் மட்டும் டி. ஏன் என்று பரீட்சகர்களிடம் காரணம் கேட்கலாம் என்று ஹம்சத்வனி சொல்லி, அங்கேயே விண்ணப்பத்தை அனுப்பினாள். ஐந்து நாளில் பதில் வந்தது. அரைப் பக்கம். 'விடைகளின் இறுதி எண்கள் பெரும்பாலும் சரி. எந்த அனுமானத்தில் தொடங்கினார், ஏன் இந்த முறையைத் தேர்ந்தார் என்பது சொல்லப்படவில்லை. மூன்றாம், நான்காம் வினாக்களில் விளக்கம் போதாது.'

காரணம் கையில் கிடைத்த நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். நோர்வேஜிய மொழியில் அதைக் கிளாகெ என்பார்கள். ஜூலை எட்டாம் திகதி கடைசி நாள்.

திட்டத்தின் பொறுப்பாளர் மாரித், ஹம்சத்வனியின் மேலதிகாரி. இனிமையான பெண். இருபது வருடம் பாடசாலைகளில் வேலை செய்தவர். ஹம்சத்வனி விஷயத்தைச் சொன்னதும் மாரித் கணினியில் ஓர் அட்டவணையைத் திறந்தார்.

"நாங்கள் பணம் தரும் இயக்குநரகத்துக்கு வாக்குக் கொடுத்தது பதினெட்டுப் பேர் படிப்பை முடிப்பார்கள், எட்டுப் பேர் பல்கலைக்கழகம் போவார்கள் என்று. இப்போது முடித்தவர்கள் விமலாதேவியோடு சேர்த்துப் பதினெட்டு. போகிறவர்கள் ஏழு."

"அவருக்கு சி கிடைத்தால் எட்டு."

"எஃப் கிடைத்தால் பதினேழு." மாரித் அட்டவணையை மூடினார். "முடிப்பவர்கள் எண்ணிக்கையைத்தான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள். திட்டம் இன்னும் மூன்று வருடம் நீடிக்குமா என்பது அதில்தான் இருக்கிறது. மாணவருக்கு நாங்கள் 'மேல்முறையீடு போடு' என்றும் சொல்லக்கூடாது, 'போடாதே' என்றும் சொல்லக்கூடாது. உள்ள அபாயத்தைத் தெளிவாகச் சொல். அவ்வளவுதான்."

திட்டம் நீடிக்காவிட்டால் ஹம்சத்வனியின் வேலை டிசம்பர் முப்பத்தோராம் திகதியோடு முடியும். அதை மாரித் சொல்லவில்லை. சொல்லவேண்டியும் இருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து விமலாதேவி வந்தார். வேலை உடுப்போடு, இடுப்பில் சாவிக் கொத்தோடு வந்திருந்தார். காரணம் எழுதிய தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டார்.

"விடை சரி எண்டு அவையளே எழுதியிருக்கினம்தானே. அப்ப ஏன் டி?"

"கணக்கு மட்டும் காணாதாம் அக்கா. விளக்கமும் வேணுமாம்."

"கிளாகெ போட்டா என்ன நடக்கும்?"

"புதுசா ரெண்டு பேர் திருத்துவினம். பழைய முடிவு என்னெண்டு அவைக்குத் தெரியாது. கூடவும் கூடும், குறையவும் குறையும். அவை குடுக்கிறதுதான் கடைசி முடிவு. எஃப் வந்தா இந்த வருஷம் டிப்ளோமாவும் இல்லை."

விமலாதேவி தாளைப் பார்த்தார். டிப்ளோமா வந்தால் ஓகஸ்டிலிருந்து அவரைப் பராமரிப்பு முகாமையாளராக்குவதாகச் சங்கத்தின் நிர்வாக சபை எழுத்தில் கொடுத்திருந்தது. ஏழு கட்டடம், கீழே மூன்று பணியாளர்.

"நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

"நான் சொல்லக்கூடாது அக்கா." என்றாள் ஹம்சத்வனி. "ஆனா டிப்ளோமா இப்ப கையிலை இருக்கு. அதை விட்டுட்டு நிக்கிற மாதிரி வந்திடக்கூடாது."

விமலாதேவி தலையாட்டினார். தாளை நான்காக மடித்து எழுந்தார். "உங்களுக்குத்தானே பிள்ளை இது தெரியும். நான் இதுக்குள்ளை குருடி மாதிரி. சரி, விடுவம்."

அவர் போனபின் ஹம்சத்வனிக்கு மனம் இலேசாக இருந்தது. அன்றைக்கு மாலை சிநேகிதிகளோடு கடலில் குளிக்கப் போனாள். நன்றாகத் தூங்கினாள்.

ஜூலை முதல் வாரத்தில் கல்லூரி காலியாகிவிட்டது. மாரித் விடுமுறையில் மலைக்குடிலுக்குப் போயிருந்தார். அரையாண்டு அறிக்கையை நிரப்பி அனுப்பும் வேலை ஹம்சத்வனிக்கு இருந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு படிவம். படிப்பை முடித்தாரா? ஆம். பல்கலைக்கழகத்துக்கு மாறினாரா? இல்லை. இல்லையென்றால் காரணம் என்ன? நான்கு பெட்டிகள் கொடுக்கப்பட்டிருந்தன. உடல்நலம். குடும்பம். பொருளாதாரம். மாணவரின் சொந்த விருப்பம்.

விமலாதேவிக்குப் பொருந்துவது நான்காவதுதான். ஹம்சத்வனி சுட்டியை அந்தப் பெட்டியின்மேல் கொண்டுபோனாள். அழுத்தவில்லை. எழுந்து போய்க் கோப்பி ஊற்றிக்கொண்டு வந்தாள். திரும்பவும் பார்த்தாள். 'சொந்த விருப்பம்'. மேசை இழுப்பறையில் ஒரு தாள் இருந்தது. ஜூன் மாதமே அவள் பரீட்சைப் பிரிவில் கேட்டு வாங்கியது. கடந்த இரண்டு வருடத்தில் அந்தப் பாடத்தில் மேல்முறையீடு செய்தவர்கள் பதினொரு பேர். நான்கு பேருக்குத் தரம் கூடியது. ஆறு பேருக்கு மாறவில்லை. ஒருவருக்குக் குறைந்தது. எஃப் ஒருவருக்கும் வரவில்லை. விமலாதேவி வந்த அன்றும் தாள் இழுப்பறையில்தான் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

படிவத்தை அப்படியே விட்டுவிட்டு ஐந்தாம் இலக்க சுரங்க ரயிலில் ஏறினாள். கடைசி நிறுத்தமான வெஸ்ட்லி வரைக்கும் போகவேண்டும். அன்று ஜூலை ஏழாம் திகதி, பிற்பகல் இரண்டு மணி.

விமலாதேவி நிலவறையில் வெப்பமாற்றியின் பக்கத்தில் முழங்காலிட்டுக் குழாயின் இறுக்குப் பட்டி ஒன்றை முறுக்கிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டு ஆச்சரியப்பட்டார்.

"என்ன பிள்ளை, இஞ்சை? ஏதும் பிரச்சினையோ?"

"அக்கா, நாளைக்குக் கிளாகெக்குக் கடைசி நாள்."

"அதைத்தான் விட்டிட்டமே."

ஹம்சத்வனி தாளை நீட்டினாள். நின்றபடியே, வேகமாக, பாதி நோர்வேஜியத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். பதினொரு பேர் கணக்கைச் சொன்னாள். பதினெட்டு, பதினேழு என்று அட்டவணையில் இருந்ததைச் சொன்னாள். தன்னுடைய வேலை டிசம்பரோடு முடியலாம் என்பதையும் சொன்னாள்.

விமலாதேவி தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப அண்டைக்கு நீங்கள் எனக்குச் சொன்னது பொய்யோ?"

"பொய் இல்லை. எல்லாம் உண்மை. ஆனா ஒரு பக்கத்தைத்தான் சொன்னனான்."

"ஏன்?"

"பயத்திலை."

"எனக்காகவோ, உங்களுக்காகவோ?"

ஹம்சத்வனி "ரெண்டும்" என்றாள். பிறகு, "கூட எனக்காக" என்றாள்.

விமலாதேவி ஸ்பானரை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். துணியில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"மூண்டு வருஷம் நீங்கள் சொன்னதெல்லாம் கேட்டனான். இந்தப் பாடத்தை எடுங்கோ எண்டால் எடுத்தனான். இந்த நாளிலை வாங்கோ எண்டால் வந்தனான். ஏன் எண்டால் இந்த நாட்டிலை படிப்பு எப்பிடி நடக்குது எண்டு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதை நீங்கள் இப்பிடிப் பாவிச்சிருக்கக்கூடாது."

"ஓம் அக்கா."

"இப்ப போடச் சொல்லுறியளோ?"

"இல்லை. இப்ப உங்களுக்கு எனக்குத் தெரிஞ்ச அளவு தெரியும். இனி நீங்கள்தான் சொல்லவேணும்."

விமலாதேவி கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். குப்பைத் தொட்டிகள் இருந்த இடம்வரை நடந்து போய்த் திரும்பி வந்தார். பிறகு தன் கைபேசியை எடுத்து, எந்தப் பக்கத்தில் விண்ணப்பம் இருக்கிறது என்று காட்டச் சொன்னார். அனுப்பும் பொத்தானை அவரே அழுத்தினார்.

"அவர் ஏசப்போறார்" என்றார், கணவரைப் பற்றி. "ஏசட்டும். வாங்கோ, மேலை போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

ஓகஸ்ட் ஆறாம் திகதி புதிய முடிவு காரணத்தோடு வந்தது. ஈ. டியை விட ஒரு படி குறைவு. சித்திக்குக் கடைசி எல்லை.

ஹம்சத்வனி அதை அலுவலகக் கணினியில் பார்த்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருந்தாள். விமலாதேவியை அழைக்கக் கைபேசியை எடுத்து வைத்து, எடுத்து வைத்து, கடைசியில் அழைத்தாள்.

"பாத்திட்டன்" என்றார் விமலாதேவி. "எஃப் இல்லைத்தானே."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

"பொத்தானை அழுத்தினது நான். நீங்கள் அண்டைக்கு வராமல் விட்டிருந்தால்தான் மன்னிப்புக் கேக்கவேணும். கணக்கு அவை பிழையெண்டு சொல்லேல்லை, அதே கதைதான், விளக்கம் போதாது. ரெண்டு தரம் நாலு பேர் சொல்லியாச்சு. அப்ப அது உண்மையா இருக்கும்."

டிப்ளோமா வந்தது. ஓகஸ்ட் பதினைந்தில் அவர் முகாமையாளரானார். வீட்டில் பூபாலசிங்கம் ஆட்டிறைச்சி வாங்கி வந்து தானே சமைத்தார். மருத்துவமனையில் முன்னூறு பேருக்குச் சமைக்கிறவர் வீட்டில் சமைப்பது வருடத்தில் ஓரிரண்டு முறைதான். சாப்பிட்டு முடிந்ததும் சொன்னார்:

"இனிப் போதும் விமலா. படி கழுவ வந்தனீர், இப்ப ஏழு கட்டடத்துக்கும் நீர்தான் பொறுப்பு. வேற என்ன வேணும்?"

"எனக்கு அந்தச் சோதினையைத் திரும்ப எழுதவேணும்."

"எதுக்கு?"

"அடுத்த முறை எஞ்சினியர்மார் வந்து கணக்குக் காட்டினால், அது பிழையெண்டு நான் எழுதிக் கையெழுத்து வைக்கவேணும்."

பூபாலசிங்கம் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. செவ்வாயும் வியாழனும் இரவுச் சாப்பாடு அவர் பொறுப்பாயிற்று.

மறுபரீட்சை நவம்பர் இறுதியில். ஒப்பந்தத்தின் கீழ் பதிந்தவர்கள் அடுத்த வருடச் சேர்க்கைக்கும் விண்ணப்பிக்கலாம் என்று ஹம்சத்வனி பல்கலைக்கழகத்திடம் எழுதிக் கேட்டு உறுதி வாங்கினாள். பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினாள். திட்டத்தில் அதற்கு ஒதுக்கிய மணித்தியாலங்கள் முடிந்துவிட்டிருந்தன. மாரித் இயக்குநரகத்துக்கு எழுதினார்; பதில் வரவில்லை.

"அப்ப நீங்களே வாங்கோ" என்றார் விமலாதேவி.

"எனக்கு பௌதிகம் தெரியாது அக்கா. பள்ளிக்கூடத்திலையே விட்டிட்டன்."

"அதுதான் வேணும்."

அவர் நினைத்தது இது. வேலையில் அவர் எப்போதும் தன்னைப் போலக் குழாயும் இயந்திரமும் தெரிந்தவர்களோடுதான் பேசுகிறார். 'வடக்குப் பக்கம் ரெண்டு பாகை' என்றால் அவர்களுக்குப் போதும். விடைத்தாளிலும் அதே மாதிரி எழுதிவிட்டார், படிக்கிறவர் தனக்குப் பக்கத்தில் கட்டடத்துக்குள் நிற்பது போல. எதுவும் தெரியாத ஒருவருக்கு விளங்கினால் பரீட்சகருக்கும் விளங்கும்.

செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை ஹம்சத்வனி செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்து வெஸ்ட்லியில் விமலாதேவியின் வீட்டுக்குப் போனாள். விமலாதேவி ஒரு வினாவுக்கு விடை எழுதுவார். ஹம்சத்வனி அதை உரத்து வாசிப்பாள். விளங்காத இடத்தில் நிற்பாள்.

"இந்தச் சுவரிலை வெப்பம் போகுது எண்டு எழுதியிருக்கிறியள். எந்தச் சுவர்?"

"வெளிச்சுவர்."

"அது இஞ்சை இல்லை."

"வேற எந்தச் சுவராலை வெளியிலை போகும்?"

"எனக்குத் தெரியாதே அக்கா."

விமலாதேவி பெருமூச்சு விட்டு 'வெளிச்சுவர்' என்று எழுதுவார். அடுத்த வரியில் மறுபடி நிற்பாள். முதல் மாதம் ஒரு வினாவைக் கடப்பதற்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தது. ஒரு நாள் விமலாதேவி பேனையை எறிந்துவிட்டு, "பச்சைப்பிள்ளைக்குச் சொல்லுற மாதிரிக் கிடக்கு" என்று சத்தம் போட்டார். ஹம்சத்வனி எழுந்து சப்பாத்தைப் போட்டாள். பூபாலசிங்கம் வாசலில் நின்று, "சாப்பிடாமல் போகேலாது" என்றார். சாப்பிட்டார்கள். பிறகு இருவரும் திரும்பப் போய் அதே வரியில் உட்கார்ந்தார்கள்.

நவம்பர் மாத நடுவில் ஒருநாள் ஹம்சத்வனி ஒரு முழு விடையையும் நிற்காமல் வாசித்து முடித்தாள். மூன்று பக்கம். எதற்காக இந்தக் கட்டடத்துக்குச் சிறிய இயந்திரம் போதும் என்ற கேள்வி. தாளை மேசையில் வைத்துவிட்டு, "அக்கா, எனக்கு விளங்கிட்டுது" என்றாள். அவளுக்கே அது வியப்பாக இருந்தது. விமலாதேவி நம்பவில்லை. சொல்லிக்காட்டச் சொன்னார். அவள் தாளைப் பார்க்காமல் தொடக்கத்திலிருந்து சொன்னாள். ஓரிடத்தில்தான் பிழைத்தாள்.

அந்த மாதத்திலேதான் அரசாங்கத்தின் அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தில் என்ன இருக்கிறது என்பதும் தெரியவந்தது. சிறப்புத் திட்டம் நீடிக்கப்படவில்லை. அந்தப் பணம் கல்லூரிகளின் பொது நிதியோடு சேர்க்கப்பட்டிருந்தது. பதினெட்டா, பதினேழா என்பதெல்லாம் எங்கும் கணக்கில் எடுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. மாரித் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். பிறகு ஹம்சத்வனியின் அறைக்கு வந்து, கதவருகில் நின்று, "நான் உன்னிடம் அந்த அட்டவணையைக் காட்டியிருக்கக்கூடாது" என்றார். ஹம்சத்வனி, "பரவாயில்லை" என்றாள்.

விமலாதேவி நவம்பர் இருபத்தேழாம் திகதி பரீட்சை எழுதினார். ஐந்து மணித்தியாலம். முன்பு ஒன்பது பக்கத்தில் முடித்திருந்தார். இந்த முறை இருபத்திரண்டு பக்கம். டிசம்பர் பதினெட்டாம் திகதி முடிவு வந்தது. சி. பி இல்லை, ஏ இல்லை. சி.

இறுதி அறிக்கையில் பல்கலைக்கழகம் போனவர்கள் ஏழு பேர் என்றுதான் இருந்தது. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் சேர்ந்தவர்களை மட்டுமே அதில் எண்ணலாம். ஹம்சத்வனி விமலாதேவியின் படிவத்தில் நான்கு பெட்டிகளில் எதையும் நிரப்பாமல், 'அடுத்த வருடம் போகிறார்' என்று கீழே ஒரு வரி எழுதி அனுப்பினாள். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தை மாதம் வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரில் ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. அது மாணவர் ஆலோசகர் வேலை அல்ல; வகுப்பறைகளின் நேர அட்டவணை போடும் வேலை. இரண்டு பெட்டிகளோடு ரயிலேறினாள். விமலாதேவியும் பூபாலசிங்கமும் மத்திய நிலையத்துக்கு வந்து, வழிக்கென்று மீன் கட்லெட் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த ஆவணியில் விமலாதேவி பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் வருடத்தில் சேர்ந்தார். சங்கத்தோடு பேசி வேலையை அறுபது வீதமாகக் குறைத்துக்கொண்டார். வகுப்பில் நாற்பத்தொரு பேர். அவருக்கு அடுத்தபடி வயதில் மூத்தவருக்கு இருபத்தெட்டு. முதல் வாரம் விரிவுரையாளர் பேசிய வேகத்தில் பாதி விளங்கவில்லை. கணிதத்தில் மற்றவர்கள் முதலாம் வருடத்தில் படித்த ஒரு பகுதி அவருக்குத் தெரியாது. அதை ரயிலில் இருந்து படித்தார்.

மூன்றாம் வாரம் முதல் ஆய்வுகூட வகுப்பு நடந்தது. வெப்பநிலை மாறும்போது ஒரு குழாயில் அழுத்தம் எப்படி மாறுகிறது என்று அளக்கவேண்டும். விமலாதேவியோடு இரண்டு பேர் குழுவில் இருந்தார்கள். பாதியில் அவருடைய கைபேசி அதிர்ந்தது. சங்கத்தின் தலைவர். மறுபடி அதிர்ந்தது. பிறகு குறுஞ்செய்தி வந்தது: நான்காம் கட்டடத்தின் நிலவறையில் தண்ணீர் நிற்கிறது, எந்த வால்வு?

விமலாதேவிக்கு எந்த வால்வு என்று தெரியும். ஒரு வரி போதும். 'இடது, மூன்றாவது, சிவப்பு' என்று அடித்தார். அனுப்பப் போனவர் நின்றார். அன்றைக்கு அங்கே கடமையில் இருந்தவர் பிரவீணன் என்ற புதிய பணியாளர். ஆனியில்தான் சேர்ந்தவர். எந்த வாசலிலிருந்து இடது என்று அவருக்கு எப்படித் தெரியும்? விமலாதேவி அதை அழித்துவிட்டு மறுபடி எழுதினார். எந்தக் கதவால் உள்ளே போகவேண்டும், எந்தப் பக்கம் பார்த்து நிற்கவேண்டும், சிவப்புக் கைப்பிடியை எத்தனை சுற்றுச் சுற்றவேண்டும், பூட்டியபின் எந்த அளவுமானியைப் பார்த்து உறுதிசெய்யவேண்டும். ஏழு வரி வந்தது. அனுப்பிவிட்டுக் கைபேசியைப் பைக்குள் வைத்தார்.

"ஏதாவது அவசரமா? போகவேண்டுமா?" என்று குழுவில் இருந்த பெண் கேட்டாள்.

"இல்லை" என்றார் விமலாதேவி. "அங்கே ஆள் இருக்கிறார்."

அளவுமானியில் அடுத்த எண் நிலைத்திருந்தது. அவர் அதைக் குறித்துக்கொண்டார்.